எஞ்சின் மாற்றிய ஜீப்பும் விடாத கிளச்சும்

எஞ்சின் மாற்றிய பழைய வண்டியில் கிளச் தகராறு செய்தால், பட்டறையில் முதலில் காதில் விழுவது "பிளேட்டை மாத்திரலாம்ணே" என்பதுதான். தயவுசெய்து அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். எஞ்சினை மாற்றும்வரை ஒழுங்காக இருந்த கிளச், மாற்றியதும் மக்கர் செய்கிறது என்றால், கோளாறு பெரும்பாலும் பிளேட்டில் இருக்காது. புது எஞ்சினும் பழைய கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் இருக்கும். அந்த இடத்தை அளந்து பார்க்காமல் பிளேட்டை மட்டும் மாற்றினால், கைக்காசு போகும், கோளாறு அப்படியே நிற்கும்.

இதை எங்கள் குடும்பத்து ஜீப்பை வைத்தே சொல்கிறேன். போடியில் இருக்கும் சித்தப்பாவின் வண்டி அது. மேலே மலையில் அவருக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம். போடிமெட்டுக்கு ஏறும் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில், வளைவுக்கு வளைவு கியரை இறக்கித்தான் ஆக வேண்டும். எதிரே லாரி வந்தால் நிறுத்தி, பின்னால் நகர்ந்து, வழி விட வேண்டும். அங்கே கிளச் விடவில்லை என்றால் அது வெறும் எரிச்சல் இல்லை, ஆபத்து. உள்ளே தோட்டத்து ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

வண்டி பழைய சி.ஜே. 3பி. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1953-ல் கொண்டுவந்த மாடல். இங்கே மஹிந்திரா பல வருடம் தயாரித்தது. அதன் பெட்ரோல் எஞ்சின் பெயர் ஹரிக்கேன், 134 கன அங்குலம், அதாவது சுமார் 2,200 சி.சி. இன்டேக் வால்வு மேலே, எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்குக்குள் பக்கவாட்டில் என்று ஒரு தனி அமைப்பு. எஞ்சின் உயரமாகிவிட்டதால்தான் அந்த ஜீப்புக்குப் பானெட்டும் அப்படி உயர்ந்து நிற்கிறது. பெட்ரோல் விலைக்கு அதைக் கட்டி மேய்க்க முடியாமல், மலையடிவாரத்து ஆட்கள் பலரும் டீசலுக்குப் போனார்கள். சித்தப்பா வாங்கிப் போட்டது பிஜோ எஞ்சின், எக்ஸ்.டி.பி. 4.90. பிரெஞ்சுக் கம்பெனியிடம் உரிமம் வாங்கி மஹிந்திரா இங்கே செய்து ஜீப்புகளில் போட்ட அதே டீசல் எஞ்சின். நாலு சிலிண்டர், 90 மி.மீ. போர், 83 மி.மீ. ஸ்ட்ரோக், 2,112 சி.சி. கியர் பாக்ஸ் மட்டும் பழைய டி-90, மூன்று கியர். இரண்டுக்கும் நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் செய்து கோத்திருந்தார்கள்.

காலையில் வண்டி எடுக்கும்போது எந்தக் குறையும் இல்லை. மலை ஏறி எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஆரம்பிக்கும். கிளச்சை அடிவரை மிதித்தாலும் ரிவர்ஸ் விழாது, கரகரவென்று பல் அரைக்கும். முதல் கியரும் அப்படித்தான். எப்படியோ கியரைப் போட்டுவிட்டுப் பெடலை மிதித்தபடி நின்றால், வண்டி தானாக முன்னால் ஊரும். எஞ்சின் கோத்துக் கொடுத்த பட்டறையில் ஒருமுறை புது பிளேட் போட்டார்கள், அடுத்து பிரஷர் பிளேட் போட்டார்கள். "புதுசுங்க, ஓட ஓட செட்டாயிரும்" என்றார்கள். ஆகவில்லை.

அதற்குப் பிறகுதான் தேனியில் ஜீப் வேலையிலேயே தலை நரைத்த ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

"தம்பி, கிளச் விடலையா, பிடிக்கலையா, உதறுதா, சத்தம் போடுதா? நாலும் நாலு சீக்கு. எதுன்னு சொல்லுங்க."

இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் எஞ்சின் மட்டும் இரைந்து வண்டி நகராவிட்டால், கிளச் பிடிக்கவில்லை: எண்ணெய் பட்ட பிளேட், தேய்ந்த பிளேட், அல்லது ஃப்ரீ பிளே இல்லாமல் ரிலீஸ் பேரிங் எப்போதும் அழுத்திக்கொண்டிருப்பது. பெடலை விடும்போது வண்டி குலுங்கினால், மவுண்டிங், லிங்கேஜ், அல்லது எண்ணெய் பட்ட பிளேட். பெடலை மிதித்ததும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங் அல்லது பைலட் புஷ். பெடலை விட்டதும் நியூட்ரலில் சத்தம் வந்தால் கியர் பாக்ஸின் முன் பேரிங். எங்களுடையது விடாத கிளச். டி-90 பாக்ஸில் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் சிங்க்ரோ கிடையாது. அதனால் அந்த இரண்டும் பொய் சொல்லாது. இரண்டாவது கியரில் சிங்க்ரோ இருப்பதால், கிளச் அரைகுறையாக விட்டாலும் அது சமாளித்துவிடும். சோதிப்பதென்றால் ரிவர்ஸில் சோதியுங்கள். எஞ்சினை ஐடிலில் விட்டு, நியூட்ரலில் பெடலை அடிவரை மிதித்து, சில நொடி பொறுத்து, மெதுவாக ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அரைத்தால், கிளச் ஷாஃப்ட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வெளியிலிருந்து உள்ளே

எதையும் கழற்றாமல் வெளியிலிருந்தே பார்க்க வேண்டியவை நிறைய. அவர் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் பெடல். கையால் அழுத்திப் பார்த்தால் எடை தெரியாமல் இறங்கும் தூரம், அதாவது ஃப்ரீ பிளே, எவ்வளவு? ஜீப்பில் ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்க வேண்டும். அதைவிட அதிகம் என்றால், மிதிக்கும் தூரத்தில் ஒரு பகுதி வீணாகிறது. கம்பியின் நட்டைத் திருகி, சோதனைக்காக மட்டும் ஃப்ரீ பிளேயை ஏறக்குறைய இல்லாமல் செய்தார். அப்போதும் சூடானதும் ரிவர்ஸ் அரைத்தது. "பெடல் தூரம் கூட்டியும் மாத்தம் இல்லைன்னா, தூரத்துல குறை இல்லை" என்றார். நட்டைப் பழையபடி வைத்தார். அப்படியே விட்டிருந்தால் ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுற்றி எரிந்துபோயிருக்கும்.

அடுத்து லிங்கேஜ். பழைய ஜீப்பில் பெடல் சேஸிஸில் இருக்கிறது, ஃபோர்க் பெல் ஹவுசிங்கில் இருக்கிறது. நடுவில் ஒரு குறுக்குக் குழாய், ஒரு முனை அங்கே, ஒரு முனை இங்கே. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் அசையும்போது இந்த லிங்கேஜும் சேர்ந்து அசையும். அதனால்தான் வில்லிஸ் காலத்திலேயே எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து சேஸிஸுக்கு ஒரு இழுகம்பி கொடுத்திருந்தார்கள். கிளச்சை மிதிக்கும்போது எஞ்சின் முன்னால் நகராமல் அது பிடித்துக்கொள்ளும். எஞ்சின் மாற்றும்போது தேவையில்லாத கம்பி என்று நினைத்து அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எங்கள் வண்டியிலும் அது இல்லை. டீசல் எஞ்சினின் ஆட்டத்துக்கு அது இன்னும் அவசியம்.

மூன்றாவது சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. எஞ்சினை அணைத்துவிட்டு என்னைப் பெடலை மிதித்து மிதித்து விடச் சொன்னார். அவர் முன்னால் குனிந்து கிராங்க் புல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளச்சை மிதிக்கும் பலம் முழுக்கக் கிராங்க் ஷாஃப்ட்டை முன்னால் தள்ளுகிறது. த்ரஸ்ட் வாஷர் தேய்ந்த எஞ்சினாக இருந்தால், புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் போய் வரும். அந்த அளவுக்குப் பெடல் தூரம் அங்கே காணாமல் போகும். எஞ்சினுக்கே கேடும் வரும். செகண்ட் ஹேண்ட் எஞ்சின் வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே இதைப் பார்க்க வேண்டும். எங்கள் எஞ்சினில் புல்லி அசையவில்லை.

நாலாவதாகப் பெல் ஹவுசிங்கின் கீழ்த்தகட்டைக் கழற்றினார். என்னைப் பெடலை அடிவரை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, டார்ச் அடித்து, ஃபீலர் கேஜைப் பிளேட்டுக்கும் ஃபிளைவீலுக்கும் நடுவில் நுழைத்தார். ஃபிளைவீலைச் சுற்றிச் சுற்றி நாலு பக்கமும் பார்த்தார். எல்லா இடத்திலும் தகடு தடையில்லாமல் போனது. பிளேட் தெளிவாக விடுகிறது, எங்கேயும் ஒட்டவில்லை.

அப்படியானால் ஷாஃப்ட்டைச் சுற்றுவது யார்?

கீழே படுத்தபடியே அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கிளச்சை மிதிச்ச பிறகு எஞ்சினும் கியர் பாக்ஸும் தொடுற இடம் ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. பைலட் புஷ். பிளேட் விட்டுருச்சு, அப்ப அதுதான் பிடிச்சு இழுக்குது. பாக்ஸை இறக்குவோம்."

பைலட் புஷ் என்னும் சின்ன வளையம்

கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஒரு குழி. அதில் ஒரு வெண்கலப் புஷ். கியர் பாக்ஸிலிருந்து வரும் கிளச் ஷாஃப்ட்டின் மூக்கு அதற்குள் உட்காரும். வண்டி ஓடும்போது இரண்டும் ஒன்றாகச் சுற்றுவதால் புஷ்ஷுக்கு வேலையே இல்லை. பெடலை மிதித்த அந்தச் சில நொடிகளில்தான் வேலை: எஞ்சின் சுற்றும், ஷாஃப்ட் நிற்க வேண்டும். புஷ் ஷாஃப்ட்டைக் கவ்விக்கொண்டால், கிளச் எவ்வளவு ஒழுங்காக விட்டாலும் பயன் இல்லை, எஞ்சின் ஷாஃப்ட்டை நேராகவே சுற்றிவிடும்.

எஞ்சின் மாற்றும்போது இந்தப் புஷ் ஏன் தலைவலியாகிறது என்றால், அதன் வெளியளவு எஞ்சினுக்குச் சொந்தம், உள்ளளவு கியர் பாக்ஸுக்குச் சொந்தம். பிஜோ கிராங்க்கின் குழிக்கும் டி-90 ஷாஃப்ட்டின் மூக்குக்கும் பொருந்தும் புஷ் கடையில் கேட்டால் கிடைப்பதில்லை. லேத்தில் கடைந்துதான் போட வேண்டும். கிளச் பிளேட்டுக்கும் இதே கணக்கு: வட்டத்தின் அளவு ஃபிளைவீலைப் பார்த்து, நடுவில் உள்ள பல் கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டைப் பார்த்து. டி-90-க்கு 10 பல்.

பாக்ஸை இறக்கிப் பார்த்தபோது ஷாஃப்ட்டின் மூக்கு நீலம் பாரித்திருந்தது. அதன்மேல் மஞ்சளாகப் பித்தளை ஒட்டிக்கொண்டு கோடுகோடாக இழுபட்டிருந்தது. விரல் நகத்தால் தடவினாலே வரி தெரிந்தது. மூக்கின் ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்ததையும் அவர் திருப்பிக் காட்டினார். அந்த ஒரு பக்கத் தேய்மானத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நடந்தது இதுதான். எஞ்சின் கோத்தவர்கள் சாதாரணப் பித்தளையில் புஷ் கடைந்து, ஷாஃப்ட்டில் கையால் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வழுக்கிக்கொண்டு சுற்றியிருக்கும். சரி என்று கிராங்க்கில் அடித்து இறக்கிவிட்டார்கள். ஆனால் இறுக்கமான குழிக்குள் புஷ் இறங்கும்போது அதன் உள்துளை சுருங்கும். மெல்லிய சுவர் உள்ள புஷ்ஷில், வெளிப்பக்க இறுக்கம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவும் உள்துளையில் குறைந்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் நாலைந்து பங்கு போதும், விட்டிருந்த இடைவெளி முழுக்கக் காலி. அதன்மேல் சூடு. பித்தளை இரும்பைவிட அதிகமாக விரியும். வெளியே விரியக் கிராங்க் இடம் கொடுக்காது, எனவே உள்பக்கமாக விரியும். குளிர்ந்தபோது நன்றாக இருந்த வண்டி மலையில் சூடானதும் மக்கர் செய்த காரணம் இதுவே.

புது புஷ்ஷுக்கு அவர் தேர்ந்தெடுத்தது எண்ணெய் ஊறிய வெண்கலம். தூளை அழுத்திச் சுட்டுச் செய்வது, உள்ளே நுண்துளைகள் இருக்கும், எண்ணெயைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும். போடுவதற்கு முன் எஞ்சின் ஆயிலில் ஊறப்போட வேண்டும். கிரீஸ் தடவக் கூடாது, துளை அடைத்துக்கொள்ளும். முக்கியமானது ஒன்று: கிராங்க்கில் இறக்கிய பிறகு உள்துளையை மறுபடி அளக்க வேண்டும். டெலஸ்கோப்பிக் கேஜை உள்ளே விட்டு, மைக்ரோமீட்டரில் படித்து, ஷாஃப்ட் மூக்கின் அளவைக் கழித்துப் பார்த்தார். மூக்கு தேய்ந்திருந்ததால் வேறு ஷாஃப்ட் போட்டோம்.

ஒரு பக்கத் தேய்மானம் சொன்ன சேதி

பலரும் இத்தோடு பாக்ஸை ஏற்றியிருப்பார்கள். அவர் ஏற்றவில்லை. மூக்கு ஒரு பக்கமாகத் தேய்ந்தது ஏன் என்ற கேள்வி பாக்கி இருந்தது.

டயல் கேஜின் காந்தக் காலை ஃபிளைவீலில் வைத்து, ஊசியைப் பெல் ஹவுசிங்கின் நடுத்துளையின் உள்சுவரில் தொடவைத்து, எஞ்சினைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். கியர் பாக்ஸ் உட்காரும் துளை அது. கிராங்க்கின் மையமும் அந்தத் துளையின் மையமும் ஒன்றாக இருந்தால் ஊசி அசையக் கூடாது. எங்கள் வண்டியில் முள் 0.6 மி.மீ. ஆடியது. மைய விலகல் அதில் பாதி, 0.3 மி.மீ. பொதுவாக மெக்கானிக்குகள் வைத்துக்கொள்ளும் எல்லை முள்ளில் மொத்தம் 0.25 மி.மீ., அதாவது ஒரு அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு. அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல்.

காரணத்தைத் தேடவே வேண்டியதில்லை. அடாப்டர் பிளேட்டில் டோவல் பின் இல்லை. போல்ட்டுகளை மட்டும் நம்பி மாட்டியிருந்தார்கள். போல்ட் இறுக்குவதற்கு மட்டும்தான்; இடத்தைக் காட்டுவது டோவலின் வேலை. போல்ட் ஓட்டையில் எப்போதும் கொஞ்சம் தளர்வு இருக்கும், அந்தத் தளர்வு போதும் மையம் நழுவ. மையம் நழுவினால் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் புஷ்ஷின் ஒரு பக்கத்தை அழுத்தும், பிளேட்டின் நடுப்பல் இழுபடும், பாக்ஸின் முன் பேரிங் அடிபடும். புஷ்ஷை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் புது புஷ்ஷும் சீக்கிரமே தின்னப்பட்டிருக்கும்.

போல்ட்டுகளை லேசாகத் தளர்த்தி, மரச்சுத்தியால் தட்டித் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் முள்ளைப் பார்த்து, நடுவுக்குக் கொண்டுவந்தார். இறுக்கி, மறுபடி அளந்து, எதிரெதிராக இரண்டு இடத்தில் துளையிட்டு, ரீமர் விட்டு, டோவல் பின் அடித்தார். இனி யார் கழற்றி மாட்டினாலும் அது தன் இடத்திலேயே உட்காரும். பொறுமையைக் கேட்கும் வேலை, ஆனால் உதிரி பாகச் செலவு என்று பார்த்தால் இரண்டு இரும்புப் பின் மட்டுமே. முன்னால் மாற்றிய பிளேட்டுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் கொடுத்த பணத்தை நினைத்தால் சித்தப்பாவுக்கு மனசு ஆறவில்லை.

ஏற்றும்போது

நல்ல வேலையை ஏற்றும்போது கெடுத்துவிடலாம் என்பதால் இதையும் சொல்கிறேன். பழைய கிளச் ஷாஃப்ட் ஒன்றைச் செருகிப் பிளேட்டை நடுவில் நிறுத்திய பிறகே பிரஷர் பிளேட்டை இறுக்க வேண்டும். பிளேட்டின் எந்தப் பக்கம் ஃபிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை பாருங்கள். திருப்பிப் போட்டால் நடுவில் இருக்கும் ஸ்பிரிங் பகுதி ஃபிளைவீல் போல்ட்டில் உரசும், அதுவும் விடாத கிளச்சாகத்தான் தெரியும். பாக்ஸை ஜாக்கியில் தாங்கியபடியே உள்ளே தள்ளுங்கள். ஷாஃப்ட் பாதி நுழைந்த நிலையில் பாக்ஸைத் தொங்கவிட்டால் பிளேட் வளைந்துவிடும். கடைசி அரை அங்குலம் போகவில்லை என்றால் போல்ட்டை இறுக்கி இழுக்காதீர்கள். வெளியே எடுத்து, ஏன் என்று பாருங்கள்.

ரிலீஸ் பேரிங்கையும் கவனியுங்கள். பழைய ஜீப்பில் மூன்று விரல் உள்ள பிரஷர் பிளேட். டயஃப்ரம் வகைக்கு மாறினால் பேரிங்கின் முகமும், அது உட்காரும் காலரின் நீளமும் அதற்கு ஏற்ற மாதிரி இருக்க வேண்டும்.

பழைய பிளேட்டின் தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள். பழைய கிளச் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஊதினால் அது நேராக நுரையீரலுக்குப் போகும். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். பட்டறையில் வேலை பார்க்கும் பையன்களுக்கு இதை நாம்தான் சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்வதில்லை.

லிங்கேஜ் தொல்லையே வேண்டாம் என்று சிலர் ஹைட்ராலிக் கிளச்சுக்கு மாறுகிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் கணக்குப் போடாமல் கிடைத்த சிலிண்டரை மாட்டக் கூடாது. மேலே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் 5/8 அங்குலம், கீழே ஸ்லேவ் சிலிண்டர் 7/8 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவின் விகிதம் 25-க்கு 49. மாஸ்டர் 30 மி.மீ. நகர்ந்தால் ஸ்லேவ் சுமார் 15 மி.மீ. மட்டுமே நகரும். மாஸ்டரை 3/4 அங்குலமாக்கினால் விகிதம் 36-க்கு 49, ஸ்லேவ் 22 மி.மீ. நகரும். பெடல் கொஞ்சம் கனமாகும், ஆனால் கிளச் விடும். ஃபோர்க்கின் முனை எவ்வளவு நகர வேண்டும் என்பதை முதலில் அளந்துகொண்டு, அதற்கேற்ற சிலிண்டரை வாங்குங்கள்.

எஞ்சின் மாற்றுவதே தனிக் கதை என்றாலும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி.யில் எஞ்சின் நம்பர் ஏற வேண்டும். 2019-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, தயாரிப்பாளரின் மூல அமைப்பை மாற்றுவதில் இன்னும் கண்டிப்பு. வேலையில் இறங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ்காரர் முன்னால் நின்றுகொண்டு விசாரிக்கும்படி ஆகிவிடக் கூடாது.

இப்போது அந்த ஜீப் மலை ஏறி இறங்குகிறது. எவ்வளவு சூடானாலும் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. இழுகம்பியும் புதிதாகச் செய்து மாட்டியாயிற்று.

பழைய வண்டிகளை ஓட்டிக்கொண்டிருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். வேலை முடிந்ததும் மெக்கானிக்கிடம் நாலு அளவை வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பைலட் புஷ்ஷின் உள்ளளவும் வெளியளவும், பெல் ஹவுசிங்கில் டயல் கேஜ் காட்டிய ஆட்டம், பிளேட்டின் வட்டமும் பல்லின் எண்ணிக்கையும், பெடலின் ஃப்ரீ பிளே. கடையில் வாங்கிய வண்டிக்குக் கம்பெனி மேனுவல் இருக்கிறது. எஞ்சின் மாற்றிய வண்டிக்கு உலகத்தில் எங்கேயும் மேனுவல் கிடையாது. நீங்கள் எழுதி வைப்பதுதான் மேனுவல். எங்கள் வண்டியின் அளவுகள் ஒரு தாளில், ஆர்.சி. புத்தகத்தோடு ஒரே உறையில் இருக்கின்றன. அடுத்தமுறை பாக்ஸை இறக்குபவர் யாராக இருந்தாலும், பிளேட்டைத் தேடிக் கடைக்குப் போவதற்கு முன் அதைப் படித்துப் பார்க்கட்டும்.